ஒரே ஸ்டைல், இரண்டு லேபிள்

1.

இந்தக் கதை என் பொறாமையில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்து, "அதானே பார்த்தேன்" என்று சொல்லவேண்டாம்.

நான் எழுதி அச்சான புத்தகங்கள் என் வீட்டுக் கட்டிலுக்கடியில் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. கரையான் ஏறியிருக்கிறதா என்று அவ்வப்போது குனிந்து பார்ப்பது என் இலக்கியப் பணிகளில் ஒன்று. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டிலுக்கடியில் பாதி உடம்பை விட்டிருந்தபோது நண்பர் திருமூர்த்தி வந்து கட்டில்மேல் உட்கார்ந்தார். திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் அவர் மெர்ச்சண்டைசர். பையர் எனப்படும், சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு மெயில் போட்டு, தாமதத்துக்குச் சமாதானம் சொல்லி, சரக்கை ஒருவழியாகக் கப்பலேற்றுவது அவர் வேலை.

"ஏனுங்க, சரக்கே இல்லாத கடைய நீங்க பார்த்திருக்கறீங்களா?" என்றார்.

"திவாலான கடையா?"

"அட இல்லீங்க. நல்லா ஓடுற கடை. எங்க கம்பெனில நதியான்னு ஒரு புள்ள, கம்ப்யூட்டர் கேம் ஒண்ணு பண்ணி அந்தக் கடைக்குக் குடுத்துருக்குதுங்க. குடுத்தது ஒரே ஒரு பீஸு. அதையே உலகம் பூரா வித்துக்கிட்டே இருக்கறானுங்க. தீரவே மாட்டீங்குதுங்க!"

நான் வெளியே வந்த வேகத்தில் கட்டில் சட்டத்தில் தலையை இடித்துக்கொண்டேன். வலியைக்கூட அப்புறம்தான் கவனித்தேன்.

இது 2008. தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கம்ப்யூட்டர் விளையாட்டு என்றால் அதுவரை பெட்டியில் சிடியாக வரும், கோயம்புத்தூர் போய் வாங்கவேண்டும். அந்த வருடங்களில்தான் இணையத்திலேயே அதற்கென்று கடைகள் முளைத்தன. ஒன்று முளைத்ததும் அதைப் பார்த்து இன்னொன்று. வாடிக்கையாளரை இழுக்க அவர்களுக்குள் ஒரே போட்டி. பெட்டி கிடையாது, சிடி கிடையாது, காசைக் கட்டினால் விளையாட்டு கம்பி வழியாக வீட்டுக்கே வந்துவிடும்.

மற்ற ஊர்க்காரர்களுக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லாமல் இருக்கலாம். திருப்பூர்க்காரனுக்கு இது தலைசுற்றும் சங்கதி. இங்கே ஒரு சாம்பிள் சட்டை தைத்து அனுப்பி, பையர் சரி என்றதும் நூல் வாங்கி, துணி ஓட்டி, சாயம் போட்டு, வெட்டி, தைத்து, பிசிறு நறுக்கி, தேய்த்து, மடித்து, பெட்டி போட்டு, தூத்துக்குடிக்கு லாரி ஏற்றவேண்டும். நதியாவின் கடையில் சாம்பிளே ஷிப்மென்ட். ஒரு பீஸ் போகிறது, அதுவே ஆயிரமாகிறது, அந்த ஒரு பீஸ் அப்படியே அங்கேயும் இருக்கிறது. இதைக் கேட்டபிறகு அன்றைக்கு என்னால் கரையான் பார்க்க முடியவில்லை.

2.

தொடக்கத்துக்கு நான் பட்ட பாட்டை மறைக்கப்போவதில்லை.

முதல் முயற்சி: "நெருப்பெரிச்சலின் வானம் அன்று சாயப்பட்டறைத் தண்ணீரின் நிறத்தில்—"

வேண்டாம். நதியாவிடம் கேட்டேன். வானம் அன்றைக்குச் சும்மா வெள்ளையாகத்தான் இருந்ததாம்.

இரண்டாவது: "கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டை விட்டு, ஒரு தகரப்பெட்டியோடு பஸ் ஏறிய தாயும் மகளும்—"

இதுவும் வேண்டாம். இப்படித் தொடங்கினால் மூன்றாவது வரியில் யாராவது அழுதாகவேண்டும். அவர்கள் அழவில்லை. பஸ்ஸில் படம் போட்டார்களாம், நன்றாக இருந்ததாம்.

மூன்றாவது: "நதியா மார்க்கர் போடுகிறவள்."

இது நிற்கிறது. இதையே வைத்துக்கொள்வோம்.

3.

நதியா மார்க்கர் போடுகிறவள். பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, கம்பெனியின் கேட் ரூமில்* உட்கார்ந்திருப்பவள். திரையில் துணியின் அகலம் ஒரு நீண்ட பாதை மாதிரி விரிந்திருக்கும். சட்டையின் முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்துப்பட்டி எல்லாவற்றையும் அதில் நெருக்கி நெருக்கி அடுக்கவேண்டும். அந்தப் படம்தான் மார்க்கர். இடையில் வீணாகும் துணி குறையக் குறைய முதலாளியின் முகம் மலரும்.

(*வாசல் கேட் இல்லை. கம்ப்யூட்டரில் பேட்டர்ன் வரைகிற அறை. புதிதாக வரும் வாட்ச்மேன்கள் முதல் நாள் இங்கே வந்து நின்றுவிடுவார்கள் என்று திருமூர்த்தி சொல்கிறார். அவர் சொல்வதில் பாதியைத்தான் நான் நம்புவேன்.)

அவள் அம்மா கருத்தம்மா அதே கம்பெனியில் செக்கிங் டேபிளில் இருக்கிறாள். ஓட்டை, எண்ணெய்க்கறை, விட்டுப்போன தையல் எங்கே இருந்தாலும் அங்கே ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிடுவாள். வீட்டில் சோற்றில் கல் கிடந்தால்கூட அவள் கை ஸ்டிக்கரைத் தேடும் என்று நதியா கேலி செய்வாள்.

கம்பெனி பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துப் போட்டபோது நதியா ஒன்றை வாங்கி வந்தாள். லைன் வீட்டின் ஒரே அறையில் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் அதை வைத்து, தான் தினமும் செய்யும் வேலையையே ஒரு விளையாட்டாக்கினாள். துணி ஓடிவரும். துண்டுகள் வரும். துணி ஓடிப்போவதற்குள் வீணாகாமல் பொருத்தவேண்டும். ஓரத்தில் ஒரு கடிகாரம் குறைந்துகொண்டே போகும். பெயர் "லே". வெட்டுவதற்காக அடுக்கடுக்காக விரித்த துணிக்குத் திருப்பூரில் அதுதான் பெயர். பின்னணி நிறம் நேவி புளூ.

திறந்ததும் முதல் திரையில் இப்படி வரும்: செய்தவர் நதியா, திருப்பூர்.

இதை நீங்கள் லேசாகக் கடந்துபோகக்கூடாது. இந்த ஊரில் செய்கிற சட்டையில் செய்தவர் பெயர் இருக்காது. கழுத்தில் பையரின் பெயர் இருக்கும். உள்தையலில் எப்படித் துவைக்கவேண்டும் என்று இருக்கும். நதியா போட்ட மார்க்கரில் வெட்டிய சட்டைகள் எத்தனை தேசத்தில் எத்தனை முதுகில் இருக்கின்றனவோ, ஒன்றில்கூட அவள் இல்லை. தான் செய்த பொருளில் தன் பெயரை அவள் முதல்முதலாகப் பார்த்தது அந்தத் திரையில்தான். பார்த்துவிட்டு, மூடிவிட்டு, மறுபடி திறந்து பார்த்தாளாம். அதை என்னிடம் சொல்லும்போதும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

4.

"லே"யை அவள் ஓர் இணையப் பக்கத்தில் இலவசமாகப் போட்டுவைத்திருந்தாள். எங்கெங்கிருந்தோ ஆட்கள் எடுத்து விளையாடினார்கள். அப்புறம் ஒரே வாரத்தில் இரண்டு கடைகளிடமிருந்து மெயில் வந்தது.

(கடைகளுக்கு நான் உண்மைப் பெயர் வைக்கமாட்டேன். ஒன்று பெரிய கடை, ஒன்று புதுக் கடை. இரண்டும் என் கற்பனைக் கடைகள். வம்பு வேண்டாம்.)

பெரிய கடையில் ஊரே நிற்கும். ஆனால் அங்கே வாங்கிய பொருளுக்குப் பூட்டு உண்டு. ஒவ்வொரு முறையும் கடையின் வழியாக உள்ளே போய்த்தான் விளையாட முடியும், அதற்கு இணையம் வேண்டும். வாங்கின சட்டையைப் போடும்போதெல்லாம் கடைக்காரருக்கு ஒரு போன் போடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுக் கடை சின்னது. கூட்டம் கம்மி. ஆனால் பூட்டு கிடையாது, வாங்கினால் பொருள் உங்களுடையது. இதைச் சொல்லித்தான் அவர்கள் பெரிய கடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

பெரிய கடை சொன்னது: எங்களிடம் எக்ஸ்க்ளூசிவாகக் கொடுத்தால், கிறிஸ்துமஸ் வாரத்தில் உங்கள் விளையாட்டைக் கடை முகப்பு ஜன்னலில் வைப்போம். உலகமே கடைக்கு வரும் வாரம் அது. ஜன்னலில் விளையாட்டின் பெயரும் செய்தவர் பெயரும் இருக்கும்.

புதுக் கடை சொன்னது: எங்களால் ஜன்னல் தர முடியாது. ஆனால் உங்கள் விளையாட்டு எங்களுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. எக்ஸ்க்ளூசிவாகத் தருவீர்களா?

நெருப்பெரிச்சல் லைன் வீட்டில் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் இந்த இரண்டையும் படித்தாள். சீமையில் இருக்கிற இரண்டு கடைக்காரர்கள் தனக்காகச் சண்டை போடுகிறார்கள் என்று நம்ப அவளுக்கு அரைநாள் ஆனது. மறுநாள் மெயில்களைத் திருமூர்த்தியிடம் கொண்டுபோய்க் காட்டினாள். வெள்ளைக்காரர்களோடு பேசிப் பழகியவர் அவர்தானே.

"அண்ணே, ரெண்டு பேரும் எக்ஸ்க்ளூசிவ் கேக்காக. யாருக்குக் குடுக்க?"

திருமூர்த்தி சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை, ஆனால் எனக்குத் தெரியும்.

"ஏன் கண்ணு, இதுக்குப் போயா மூஞ்சிய இப்பிடி வெச்சுருக்கற? ரெண்டு பேருக்குமே குடு."

"எக்ஸ்க்ளூசிவுன்னா அவுகளுக்கு மட்டும்னு அர்த்தம்லாண்ணே."

"அவிங்களுக்கு மட்டுந்தான் குடுக்கறோம். நம்ம கம்பெனில எத்தன பையருக்கு எக்ஸ்க்ளூசிவ் ஓடுதுன்னு உனக்குத் தெரியாதா? ஒருத்தனுக்கு நேவி, இன்னொருத்தனுக்கு மெரூன். கழுத்துப்பட்டிய மாத்தோணும், லேபிள மாத்தோணும், ஸ்டைல் நம்பரப் புதுசாப் போடோணும். அவ்வளவுதான். அது வேற ஸ்டைலு கண்ணு. இவனோடது இவனுக்கு, அவனோடது அவனுக்கு. எவனாவது இது நாள் வரைக்கும் சண்டைக்கு வந்திருக்கறானா?"

வந்ததில்லை. நதியாவே ஒரே மார்க்கரை ஸ்டைல் நம்பர் மட்டும் மாற்றி எத்தனையோ முறை பிரிண்ட் எடுத்திருக்கிறாள். எக்ஸ்க்ளூசிவ் என்ற சொல்லுக்குத் திருப்பூர் அகராதியில் அதுதான் பொருள். அவளுக்கு அது சரியாகப் பட்டது. எனக்கும் சரியாகத்தான் படுகிறது, என்ன செய்ய?

5.

[இந்த இடத்தில் நதியாவுக்குப் பார்த்த மாப்பிள்ளை பற்றி ஒரு பகுதி எழுதியிருந்தேன். "அது எதுக்குண்ணே இதுல?" என்றாள். எடுத்துவிட்டேன். எண்ணை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன், உழைத்ததற்கு அடையாளமாக.]

6.

ஆக, மெரூன்.

பின்னணியை மெரூனாக்கினாள். பெயரை "துணி" என்று மாற்றினாள். லேபிள்? செய்தவர் பெயரும் வேறாக இருக்கவேண்டும் அல்லவா. யோசிக்காமல் கருத்தம்மா என்று போட்டாள். அப்புறம் அம்மாவைக் கூப்பிட்டு, "யம்மா, சும்மா ஒரு தரம் வெளையாடிப் பாரு" என்று மவுசைக் கையில் கொடுத்தாள்.

கருத்தம்மா ஒரு துண்டை எடுத்து, திருப்பிப் பார்த்து, ஓரம் சரியாக இருக்கிறதா என்று உற்றுப் பார்ப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மறுபடி. மறுபடியும் முடிந்துவிட்டது. மூன்றாவது முறை மவுசைத் தரையில் வைத்துவிட்டாள்.

"ஏட்டி, இந்த மூலைல ஓடுது பாரு, இது என்னது?"

"நேரம்மா. அது முடியறதுக்குள்ள செய்யணும்."

"கம்பெனிலதான் மணிக்கு மணி டார்கெட்டு டார்கெட்டுன்னு சூப்பர்வைசர் தலைமாட்டுல வந்து நிக்கான். வீட்டுலயும் ஒரு சூப்பர்வைசரக் கொண்டாந்து வச்சிருக்கியா நீ? வெளாட்டுன்னு சொன்னியே! எடுத்துப் போடுட்டி அத."

நதியா எடுத்துப் போட்டாள். கடிகாரம் போனதும் துணி வேறு மாதிரி ஓடவேண்டியிருந்தது. நாம் வைக்கும்வரை அது காத்திருக்கவேண்டும். துண்டுகளை நிதானமாகத் திருப்பிப் பார்க்க வசதி வேண்டும். அம்மா ஒவ்வொரு சாயங்காலமும் உட்கார்ந்து குறை சொன்னாள், மகள் மாற்றினாள். கடைசியில் பார்த்தால் நேவி புளூவுக்கும் மெரூனுக்கும் துண்டுகள் மட்டும்தான் ஒன்றாக இருந்தன. ஒன்று மூச்சுவாங்க ஓடவைக்கும். மற்றது முழங்காலைக் கட்டி உட்காரவைக்கும்.

(இங்கே ஒரு நிமிடம். திருமூர்த்தியை முதல் வரைவில் நான் வில்லனாக எழுதியிருந்தேன். ஏமாற்றுக்காரர், குள்ளநரிச் சிரிப்பு, இத்யாதி. அவர் படித்துவிட்டு, "நான் என்னுங்க தப்புச் சொன்னேன்? வேற ஸ்டைலுன்னேன். வேற ஸ்டைலாத்தான ஆச்சு?" என்றார். குள்ளநரியை எடுத்துவிட்டேன்.)

இலவசப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டு, "லே"யைப் பெரிய கடைக்குக் கொடுத்தாள். "துணி" புதுக் கடைக்குப் போனது. பூமிக்கு அந்தப் பக்கம் யாரோ அதைத் திறந்தார்கள். இங்கே மதியச் சோற்றுக்குக் கையலம்பிக்கொண்டிருக்கும்போது அங்கே ஒருவன் இவள் வரைந்த கழுத்துப்பட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மயிர்க்கூச்செடுக்கிறது. லாரி இல்லை, கப்பல் இல்லை, சுங்கத்துறை இல்லை. ஒரு பெண் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பொத்தானை அழுத்தினாள், அவ்வளவுதான்!

7.

புதுக் கடை வழியாக ஒரு கடிதம் வந்தது. கருத்தம்மா பெயருக்கு.

எழுதியவர் வடகடலில் மீன்பிடிக் கப்பலில் சமையல்காரர். பெயரை நதியா எழுத்துக்கூட்டி "ஐவர்" என்று படித்தாள்.

"ஐவருன்னா? அஞ்சு பேரா சேந்து எழுதியிருக்காக?"

"இல்லம்மா, ஒரே ஆளுதான். பேரு அப்படி."

"ஒரே ஆளுக்கு எதுக்கு அந்தப் பேரு? சரி, படி."

நதியா ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னாள். அன்புள்ள கருத்தம்மா அவர்களே. என் வலது கையில் மூன்று விரல்கள் இல்லை, வலை இழுக்கும் இயந்திரத்தில் போய்விட்டன. விளையாட்டுகள் எனக்குப் பிடிக்கும், ஆனால் எல்லாம் என்னை அவசரப்படுத்துகின்றன. உங்களுடையது அவசரப்படுத்தவில்லை. கடலில் இணையம் கிடையாது (இதைக்கூடக் கரைக்கு வந்துதான் அனுப்புகிறேன்), அதனால் பூட்டுப் போட்ட விளையாட்டுகள் எதுவும் கப்பலில் திறக்காது. உங்களுடையது திறக்கிறது. சமையல் முடிந்தபிறகு தினமும் கொஞ்சம் துணி வெட்டுகிறேன்.

கருத்தம்மா தன் வலது கையை விரித்துப் பார்த்தாள். பிறகு, "நம்ம கட்டிங் மாஸ்டர் ஒருத்தருக்கும் அப்படித்தானட்டி போச்சு, துணி வெட்டுற பேண்ட் நைஃப்ல" என்றாள்.

இன்னும் கொஞ்சம் இருந்தது. இன்னொரு கப்பலில் என் சிநேகிதன் ஒருவன் இருக்கிறான். அவனுக்கும் இது வேண்டும். என் பிரதியையே அவனுக்குக் கொடுத்துவிடலாம், பூட்டு இல்லை, தடுக்கவும் ஆளில்லை. ஆனால் அது உங்கள் உழைப்பு, அவன் வாங்கித்தான் விளையாடவேண்டும். ஜனவரியில்தான் அவன் கரைக்கு வருவான். அதுவரை கடையில் இருக்குமா? தயவுசெய்து எழுதுங்கள்.

"யாத்தே!" என்றாள் கருத்தம்மா. "எடுத்துக் குடுத்தா யாரு கேக்கப் போறா? அவரு நம்மகிட்ட வந்து கேக்காரேட்டி. எம்பேரச் சொல்லி, அவர்களேன்னு எழுதியிருக்காரு. அந்த எடத்த இன்னொரு தரம் படி."

நதியா படித்தாள். செக்கிங் டேபிளில் இத்தனை வருடத்தில் கருத்தம்மாவை யாரும் 'அவர்களே' என்று கூப்பிட்டதில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

8.

அப்புறம் மாட்டிக்கொண்டார்கள்.

இரண்டையும் வாங்கிய ஒரு புண்ணியவான், இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "கழுத்துப்பட்டியைப் பாருங்கள், ஒரே கை" என்று விளையாட்டுக்காரர்கள் பேசும் ஓர் இடத்தில் எழுதிவிட்டான். இரண்டு கடைகளும் விழித்துக்கொண்டன. பெரிய கடையின் மெயில் மரியாதையாக, ஆனால் விறைப்பாக இருந்தது. புதுக் கடையின் மெயிலில் கோபத்தைவிட வருத்தம் அதிகம். இரண்டும் கேட்டது ஒன்றே: திங்கட்கிழமைக்குள் ஒரு கடையைத் தேர்ந்தெடுங்கள், மற்றதிலிருந்து எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் நாங்களே எடுத்துவிடுவோம்.

நதியா மெயிலை மறுபடி மறுபடி படித்தாள். பொய் சொன்னவளாக நினைத்துவிட்டார்களே என்றுதான் முதல் பயம். அதை விளக்கி, எங்கள் ஊரில் எக்ஸ்க்ளூசிவ் என்றால் இப்படித்தான் என்று இரண்டு கடைக்கும் எழுதினாள். பெரிய கடையிலிருந்த ஒருவர், இவ்வளவு நல்ல தவறை நான் கேள்விப்பட்டதே இல்லை என்று பதில் போட்டார். ஆனாலும் திங்கட்கிழமை திங்கட்கிழமைதான் என்றார்.

திருமூர்த்தி வண்டியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கே வந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது.

"எம்மேல தப்புத்தானுங்க அக்கா" என்றார் கருத்தம்மாவிடம். பிறகு நதியாவிடம், "பாரு கண்ணு, யோசிக்காதே. மெரூன எடுத்துரு. கிறிஸ்துமஸ் ஜன்னலு. உம்பேரு. திருப்பூர்னு போட்டு, கூட உம்பேரு. அது எவனுக்குக் கெடைக்கும்? அந்தக் கப்பக்காரரு வாங்குனது அவருகிட்டயே இருக்கும், அதை ஒருத்தனும் புடுங்க முடியாது. ஆருக்கும் நட்டமில்ல" என்றார்.

"அவருக்குக் கெடச்சிருச்சு" என்றாள் கருத்தம்மா. "அவரு சேக்காளிக்கு?"

திருமூர்த்தி வண்டிச் சாவியை எடுத்து உருட்டத் தொடங்கினார்.

9.

முடிவுகளை எழுதிப் பார்த்தேன். உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை.

முடிவு அ: நதியா பெரிய கடையைத் தேர்ந்தெடுக்கிறாள். கிறிஸ்துமஸ் வாரம். திருமூர்த்தியும் கேட் ரூம் ஆட்களும் திரையைச் சுற்றி நிற்கிறார்கள். ஜன்னலில் அவள் பெயர். எல்லோரும் கைதட்டுகிறார்கள். கருத்தம்மாவும் தட்டுகிறாள், ஆனால்—

அந்த 'ஆனாலை' என்னால் தாண்ட முடியவில்லை.

முடிவு ஆ: நதியா புதுக் கடையைத் தேர்ந்தெடுக்கிறாள். தியாகம். அம்மா மகளைக் கட்டிக்கொள்கிறாள். இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வந்தது. ஒரு பெண்ணுக்கு முதல்முறையாகத் தன் பெயர் கிடைக்கிறது, அதை அவளையே விட்டுக்கொடுக்க வைத்து நான் நல்ல பேர் வாங்கிக்கொள்வதா? என்ன நியாயம் இது?

முடிவு இ: புத்திசாலி வாசகர் ஒருவர் சொன்னது. "இரண்டையும் ஒன்றாக்கி, இரண்டு பேரையும் போட்டு, கடிகாரத்தை நிறுத்த ஒரு பொத்தான் வைத்துப் பெரிய கடையிலேயே விற்கலாமே?" நதியாவும் இதை யோசித்திருக்கிறாள். ஆனால் பூட்டு? நடுக்கடலில் அது திறக்காதே. கருத்தம்மாவிடம் கேட்டதற்கு, "ஒரு சட்டைக்கு ரெண்டு மெயின் லேபிளா? எங்கிட்ட வந்தா ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிருவேன்" என்றாளாம்.

முடிவு ஈ: கடைகள் இரண்டும் மனமிரங்கி, இரண்டிலும் இருக்கட்டும் என்று—

இல்லை. எனக்குக் கடைக்காரர்களைத் தெரியும்.

10.

ஆகவே எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன், மிச்சத்தை நதியாவிடம் நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. மத்தியானக் கரண்டு கட்டு நேரம். கரண்டு போனதும் யூபிஎஸ் கீக் கீக் என்று கத்தத் தொடங்கியிருந்தது. அந்த வீட்டு யூபிஎஸ் அதிக நேரம் தாங்காது. திரையில் இரண்டு மெயில்கள் திறந்திருந்தன. ஒன்று கடைகளுக்கு, அதில் இன்னும் ஒரு எழுத்துக்கூட இல்லை. இன்னொன்று கப்பல்காரருக்கு.

"மொதல்ல அவருக்கு எழுது" என்றாள் கருத்தம்மா. "பாவம், காத்துக்கிட்டிருப்பாரு. நான் சொல்லுதேன், நீ இங்கிலீஷ்ல போடு. ஐவர் அவர்களுக்கு, கருத்தம்மா எழுதிக்கொண்டது. நாங்க நல்லாருக்கோம். நீங்க நல்லாருக்கீகளா? வெளாட்டச் செஞ்சது எம்மக நதியா. பேருதான் எம்பேரு. நான் கொறைதான் சொன்னேன். உங்க கைக்கு வலி ஏதும் இருக்கா? குளுருல விரலு போன எடம் நோவும்பாக, தேங்காண்ணெயச் சுட வச்சுத் தேய்ங்க. நீங்க சமைக்கிறவுக, உங்களுக்கு யாரு சமைச்சுப் போடுதா?"

நதியா சிரித்துக்கொண்டே அடித்தாள். யூபிஎஸ் கத்தல் நெருங்கிக்கொண்டே வந்தது.

"உங்க சேக்காளி ஜனவரில வந்தா—" என்று சொல்லிவிட்டுக் கருத்தம்மா நிறுத்தினாள்.

நதியாவின் விரல்களும் நின்றன. மகள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். கருத்தம்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கிலீஷ் அவளுக்குத் தெரியாது. ஆனால் மெயிலின் தலையில் இருந்த தன் பெயரை அவளுக்கு அடையாளம் தெரியும், நதியா காட்டிக்கொடுத்திருக்கிறாள். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"நான் சொல்லுறதா இருந்தா இருக்கும்னு சொல்லிருவேன். ஆனா அந்த ஜன்னல்ல நிக்கப்போறது உம்பேரு. நீ செஞ்சது. உனக்கு அது வேணும்னு எனக்குத் தெரியும்ட்டி, நீ மூடி மூடித் தொறந்து பாத்தத நானும் பாத்தேன். எனக்காக ஒண்ணும் எழுதாத. நீ என்ன எழுதுனாலும் கீழ எம்பேரு இருக்கட்டும். அனுப்பிட்டு வா, சோறு ஆறுது."

கருத்தம்மா கதவைத் தாண்டி வெளியே போய்விட்டாள். நதியா தனியாக உட்கார்ந்திருக்கிறாள். அவளை அங்கேதான் விட்டிருக்கிறேன். எத்தனையோ முறை அவள் விரலைப் பிடித்து அடுத்த சொல்லை அடிக்கவைக்கப் பார்த்தேன், ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவருக்கு நான் அநியாயம் செய்கிறேன். எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

கம்பெனியில் லீவ் பாரம் கொடுப்பார்களே, அதுபோல இந்த ஒரு வரியை மட்டும் உங்களிடம் நீட்டுகிறேன். வேண்டாத சொல்லை அடித்துவிடுங்கள். சீக்கிரம், யூபிஎஸ் நின்றுவிடும்.

ஐவர் அவர்களே, ஜனவரியில் உங்கள் நண்பர் வரும்போது இந்த விளையாட்டு கடையில் இருக்கும் / இருக்காது.

இப்படிக்கு,
கருத்தம்மா, திருப்பூர்.